இறங்கச் சொன்ன மருத்துவர்

மலையேற்றக் கதைகள் படிப்பவர்களிடம் மலையேறியும் மருத்துவருமான சார்லஸ் ஹூஸ்டன் என்று சொன்னால் உடனே 1953ஆம் ஆண்டில் உலகின் இரண்டாவது உயரமான மலையான கே2வில் நடந்த கதையைத்தான் எடுப்பார்கள். புயல், கூடாரத்துக்குள் ஒரு நோயாளி, சரிந்து விழும் ஆறு பேரைப் பிடித்து நிறுத்திய ஒற்றைப் பனிக்கோடரி. அதை நானும் சொல்லத்தான் போகிறேன், விட்டுவிட மனம் வராது. ஆனால் ஹூஸ்டன் செய்த பெரிய காரியம் அது என்று நான் நினைக்கவில்லை. 1960 செப்டம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மொத்தமே மூன்று பக்கம். உயரமான இடத்தில் மூச்சுத் திணறி விழுந்த எத்தனையோ பேர் அதற்குப் பிறகு பிழைத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஹூஸ்டன் என்ற பெயரே தெரிந்திருக்காது.

எனக்கு மலையேறவும் தெரியாது, மருத்துவமும் படிக்கவில்லை. மருத்துவ வரலாறு வாசிப்பதில் கொஞ்சம் கிறுக்கு உண்டு, அவ்வளவுதான். அந்த வாசிப்பில் இந்த மனிதர் எதிர்பாராத இடங்களில் எல்லாம் எதிர்ப்படுவார். அமெரிக்கக் கடற்படையின் இரும்பு அறையில் இருப்பார், டெல்லியில் இருப்பார், கனடாவின் பனிமலையில் கூடாரம் போட்டிருப்பார். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த மூன்று பக்கம். அதில் வரும் நோயாளிக்கு 21 வயது. கொலராடோவில் குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு நண்பரோடு உயரமான ஒரு கணவாயைக் கடக்கப் போனவர். நல்ல உடற்கட்டு, நோய் நொடி இல்லாதவர். வழியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது, அப்புறம் இருமல், அப்புறம் படுத்தால் மூச்சே விட முடியாத நிலை. மீட்டுக் கீழே கொண்டுவந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் நுரையீரலுக்குள் ஈரச் சத்தம். எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டுகள். எந்த மருத்துவரும் யோசிக்காமல் நிமோனியா என்று எழுதியிருப்பார். அதுவரை எல்லோரும் அப்படித்தான் எழுதி வந்தார்கள்.

ஹூஸ்டனுக்கு அது இடித்தது. ஆக்சிஜன் கொடுத்துப் படுக்கவைத்ததும் இளைஞர் தேறிய வேகம் அவருக்கு நிமோனியாவாகத் தெரியவில்லை. நிமோனியா அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகாது. நுரையீரலில் இருந்தது கிருமியால் வந்த சீழ் இல்லை, இரத்தக் குழாயிலிருந்து கசிந்த நீர் என்று அவர் முடிவுக்கு வந்தார். நீர் கோத்த நுரையீரல் என்றால் மருத்துவர்கள் இதயத்தைச் சந்தேகிப்பார்கள். இங்கே இதய நோய் இருந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது உயரம் மட்டும்தான்.

இந்தச் சந்தேகம் அவருக்கு ஏன் வந்தது, பக்கத்து ஊர் மருத்துவருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் இருபத்தைந்து வருடம் பின்னால் போக வேண்டும்.

ஹூஸ்டன் 1913இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா ஆஸ்கர் ஹூஸ்டன் கப்பல் வழக்குகள் பார்த்த வழக்கறிஞர், மலை மீது பித்துள்ளவர். சிறுவயதிலேயே மகனுக்கும் அது ஒட்டிக்கொண்டது, ஹார்வர்டில் படிக்கும்போது இன்னும் வளர்ந்தது. 1934இல் அலாஸ்காவின் ஃபோரேக்கர் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய குழுவில் அவரும் ஒருவர். 1936இல் நந்தாதேவி. பிரிட்டிஷாரும் அமெரிக்கர்களும் சேர்ந்து போன அந்தப் பயணத்தில், உச்சிக்குப் போகவேண்டிய ஜோடி நோயல் ஓடெல், ஹூஸ்டன். மேல் முகாமில் டின்னில் அடைத்த மாட்டிறைச்சி ஹூஸ்டனின் வயிற்றைப் புரட்டிப்போட்டது. ஓடெல் கீழே இருந்தவர்களுக்குக் கத்திச் சொன்னது காற்றில் சிதைந்து, ஹூஸ்டன் செத்துவிட்டார் என்றே அவர்கள் காதில் விழுந்ததாம். பதறிக்கொண்டு மேலே போனால் ஆள் உயிரோடு, ஆனால் நிற்க முடியாமல் இருந்தார். அவர் இடத்தில் பில் டில்மன் ஏறினார். ஆகஸ்ட் 29 அன்று டில்மனும் ஓடெலும் 7,816 மீட்டர் உச்சியில் நின்றார்கள். 1950இல் அன்னபூர்ணா ஏறப்படும் வரை மனிதர் ஏறிய மிக உயரமான சிகரம் அதுதான். ஹூஸ்டன் கீழே இறங்கிப் போனார்.

அவருடைய மலை வாழ்க்கை முழுக்க இப்படித்தான். பெரிய மலைகளில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்று திரும்பியவர். 1938இல் கே2வுக்குப் போன அமெரிக்கக் குழுவுக்கு அவர்தான் தலைவர், அப்போது இன்னும் மருத்துவ மாணவர். சுமார் 7,900 மீட்டர் வரை போய், உணவும் வானிலையும் மிச்சம் வைக்கும் நாட்களைக் கணக்குப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை. அடுத்த வருடம் வேறொரு அமெரிக்கக் குழு அதே வழியில் போனது, நால்வர் இறந்தார்கள். மேலே மாட்டிக்கொண்ட ஓர் அமெரிக்கரைக் காப்பாற்ற ஏறி, திரும்பி வராத மூன்று ஷெர்பாக்களில் பசாங் கிகுலியும் ஒருவர். முந்தைய வருடம் ஹூஸ்டனின் குழுவில் ஷெர்பாக்களுக்குத் தலைவராக இருந்தவர். 1938ஆம் ஆண்டுப் பயணத்தை இன்றும் மலையேறிகள் மதிக்கிறார்கள் என்றால், அந்தத் திரும்பி வந்த முடிவுக்காகத்தான்.

1939இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம். 1941இல் கடற்படையில் சேர்ந்தார். விமான ஓட்டிகளுக்கு உயரத்தைக் காட்டிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஓர் இரும்பு அறைக்குள் ஓட்டிகளை உட்காரவைத்துக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். உள்ளே அழுத்தம் குறையக் குறைய, பறக்காமலே வானத்தில் இருப்பது போல ஆகிவிடும். இந்தப் பயிற்சியின் பயங்கரம் என்னவென்றால், ஆக்சிஜன் குறைகிறவருக்கு அது குறைவதே தெரியாது. எளிய கூட்டல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டுச் சரியாகப் போட்டுவிட்டதாகச் சிரிப்பார், அடுத்த நிமிடம் மயங்குவார். உயரம் மூளையைத்தான் முதலில் ஏமாற்றும் என்பதை ஹூஸ்டன் நூற்றுக்கணக்கான முகங்களில் பார்த்தது அங்கேதான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். விகிதம் எங்கே போனாலும் கிட்டத்தட்ட 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் 5,500 மீட்டரில் அதில் பாதி, எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் தள்ளுவது அந்த அழுத்தம்தான். அது குறைந்தால், மூச்சு இழுத்தும் பலன் குறைவு. 19ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் பால் பெர் இதை நிரூபித்துவிட்டார்.

போர் முடிந்தபோது ஹூஸ்டனுக்கு ஒரு யோசனை வந்தது. சமவெளியில் இருக்கும் ஒருவரைத் திடீரென்று எவரெஸ்ட் உயரத்துக் காற்றில் விட்டால் சில நிமிடங்களில் நினைவு போய்விடும். ஆனால் மலையேறிகள் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறி 8,500 மீட்டரைத் தாண்டியிருக்கிறார்கள், தனி ஆக்சிஜன் இல்லாமலே. உடல் எங்கோ பழகிக்கொள்கிறது. அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? கடற்படைக்கு விமானங்களைக் காரணம் காட்டி அவர் அனுமதி வாங்கினார். அவர் மனதில் விமானத்தைவிட எவரெஸ்ட்தான் பெரிதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். இல்லாவிட்டால் சோதனைக்கு ‘ஆபரேஷன் எவரெஸ்ட்’ என்று பேர் வைத்திருப்பாரா?

1946இல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில், ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவரோடு சேர்ந்து அதை நடத்தினார். நான்கு கடற்படை இளைஞர்கள் தாமாக முன்வந்து அழுத்த அறைக்குள் போனார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் உள்ளேயே சாப்பாடு, தூக்கம், உடற்பயிற்சி, இரத்தப் பரிசோதனை. வெளியே கடல் மட்டத்து வெயில். உள்ளே காற்று நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனது. கடைசியில் நால்வரில் இருவர், தனி ஆக்சிஜன் இல்லாமல், எவரெஸ்ட் உச்சிக்குச் சமமான அழுத்தத்தில் சுமார் இருபது நிமிடம் விழிப்போடு இருந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு திருப்பம், பல வருடம் கழித்துத்தான் வெளிவந்தது. சோதனையில் எவரெஸ்ட் உச்சியின் அழுத்தத்துக்கு விமானத் துறையின் பொது அட்டவணையை நம்பினார்கள். அதன்படி சுமார் 236 மில்லிமீட்டர். 1981இல் கிறிஸ் பிஸ்ஸோ என்ற மருத்துவர் எவரெஸ்ட் உச்சியிலேயே கருவியை வைத்து அளந்தபோது 253 வந்தது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வானில் காற்று மண்டலம் கொஞ்சம் தடிமன், அதனால் அழுத்தம் கூடுதல். அந்த உயரத்தில் பதினேழு மில்லிமீட்டர் என்பது மிகப் பெரிய வித்தியாசம். ஆக, அந்த இளைஞர்கள் எவரெஸ்டைவிடக் கடுமையான ஓர் உச்சியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்கள். 1978 மே 8 அன்று மெஸ்னரும் ஹேபலரும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் ஏறியபோது உலகம் வியந்தது. அது முடியக்கூடியதே என்பதற்கு முப்பத்திரண்டு வருடம் முன்பே ஓர் இரும்பு அறையில் தடயம் கிடைத்திருந்தது.

உடல் எப்படிப் பழகுகிறது என்பதையும் இந்தச் சோதனை நன்றாகக் காட்டியது. முதலில் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகம் வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடும். அது மூச்சை மட்டுப்படுத்தப் பார்க்கும். சிறுநீரகம் சில நாட்களில் பைகார்பனேட் என்ற காரப் பொருளை வெளியேற்றி அதைச் சரிசெய்தால்தான் மூச்சு தடையில்லாமல் வேகமெடுக்கும். இன்று லே போகிறவர்கள் பையில் போட்டுக்கொள்ளும் டயாமாக்ஸ் மாத்திரை, சிறுநீரகத்தின் இந்த வேலையைத்தான் முடுக்கிவிடுகிறது. அப்புறம் வாரக்கணக்கில் சிவப்பணுக்கள் பெருகும். ஆக்சிஜனைச் சுமக்க ஆட்கள் கூடுவது நல்லதுதான், ஆனால் இரத்தம் கெட்டியாகிவிடுகிறது. இந்தக் கெட்டியான இரத்தம்தான் ஏழு வருடம் கழித்து ஹூஸ்டனின் கூடாரத்துக்குள்ளேயே வந்து நின்றது.

இடையில் 1950இல் அப்பாவோடும் டில்மனோடும் நேபாளத்தின் கும்பு பக்கம் போய், எவரெஸ்டை தெற்கிலிருந்து பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் வழி கிடைப்பது கஷ்டம் என்ற எண்ணத்தோடு திரும்பினார்கள். மூன்று வருடத்தில் ஹிலாரியும் டென்சிங்கும் அந்தப் பக்கமாகவே ஏறிவிட்டார்கள். நல்ல மலையேறிக்கும் கண் தவறும்.

1953 கே2. ஹூஸ்டனும் நெடுநாள் தோழர் பாப் பேட்ஸும் சேர்த்த எட்டுப் பேர். சுமார் 7,700 மீட்டரில் எட்டாம் முகாமில் இருந்தபோது புயல் பிடித்துக்கொண்டது. நாட்கணக்கில் கூடாரத்தைவிட்டு வெளியே வர முடியவில்லை. அடுப்பு சரியாக எரியாமல் பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சுவதே பெரும்பாடு. ஆகஸ்ட் 7 அன்று ஆர்ட் கில்கி என்ற இளம் நிலவியலாளர் எழுந்து நிற்கப் போனவர் சரிந்து விழுந்தார். காலைத் தொட்டுப் பார்த்த ஹூஸ்டனுக்கு உடனே புரிந்தது, ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறது. நீர் வற்றிய உடல், சிவப்பணு கூடிய இரத்தம், அசையாமல் படுத்த கால்கள். காரணங்களைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. பிறகு கில்கிக்கு இருமலும் வந்தது, உறைகட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது.

மருத்துவராக அவர் கையில் ஒன்றும் இல்லை. நல்ல உடம்போடு இருப்பவரே இறங்கத் திணறும் சரிவில் நடக்க முடியாத ஒருவரை இறக்கவே முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கில்கியை விட்டுவிட்டு இறங்கும் பேச்சு எழவே இல்லை. ஆகஸ்ட் 10 அன்று புயலிலேயே அவரைத் தூக்கப் பையில் வைத்துக் கூடாரத் துணியால் சுற்றிக் கயிறு கட்டி இறக்கத் தொடங்கினார்கள். பனிச்சரிவில் ஜார்ஜ் பெல் சறுக்கினார். அவர் கயிறு அடுத்தவரை இழுத்தது, அது இன்னொரு கயிற்றில் சிக்கி ஐந்து பேர் சரிந்தார்கள். மேலே பீட் ஷோனிங் ஒரு பாறைக்குப் பின்னால் பனிக்கோடரியைச் செருகிக் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தார். அந்த ஒற்றைப் பிடி அவர்களோடு கில்கியின் எடையையும் சேர்த்துத் தாங்கியது. ஹூஸ்டன் தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தார். விழித்த பிறகும் எங்கே இருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

கில்கியைச் சரிவில் நங்கூரமிட்டு வைத்துவிட்டு, காயம்பட்டவர்களுக்குக் கூடாரம் போடப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் அவரைக் காணோம். பனிச்சரிவு அடித்துப் போயிருக்கலாம். தன்னால் மற்றவர்களும் சாகக்கூடாது என்று அவரே கயிற்றை அவிழ்த்திருக்கலாம் என்றும் பேச்சு உண்டு. முதலில் அதை ஏற்காத ஹூஸ்டன், வயதான பிறகு அப்படியும் நடந்திருக்கும் என்று எண்ணத் தொடங்கினார். மற்ற ஏழு பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு ஹூஸ்டன் பெரிய மலை எதையும் ஏறப் போகவில்லை. குடும்பத்தோடு 1950களின் பின்பகுதியில் கொலராடோவின் ஆஸ்பெனுக்குக் குடிபெயர்ந்தார். ஆஸ்பென் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களின் ஊர். எலும்பு முறிவு, காய்ச்சல், பிரசவம் என்று எல்லாவற்றையும் பார்க்கும் சாதாரணக் குடும்ப மருத்துவர் வேலை. ஒரு பக்கம் செயற்கை இதயம் செய்யும் முயற்சியிலும் கை வைத்துப் பார்த்தார், அது வேறு கதை. அந்த 21 வயது இளைஞர் வந்தது இந்த மருத்துவரிடம். இருபது வருடம் மலை உயரத்தில் மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்த்த ஒருவர், வேறு வேலையாக ஒரு மலையூரில் உட்கார்ந்திருந்தார். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்த நோயாளி சேர்ந்திருந்தால் நிமோனியா என்ற பேரோடு நலமாகி வீட்டுக்குப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.

சரி, இந்த நோயை ஹூஸ்டன்தான் முதலில் கண்டாரா? இல்லை. இங்கேதான் எனக்கு ‘முன்னோடி’ என்று பட்டம் கொடுப்பவர்களோடு சின்னச் சண்டை. 1891இல் மோன் பிளாங் மலையில் வாலோ குடிலில் ஜாக்கொட்டே என்ற இளம் மருத்துவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் நுரையீரல் முழுக்க நீர். நிமோனியா என்று எழுதி மூடிவிட்டார்கள். 1913இல் தாமஸ் ரேவன்ஹில் என்ற ஆங்கிலேய மருத்துவர், சிலி நாட்டில் 4,500 மீட்டருக்கு மேல் இருந்த ஒரு சுரங்கத்தில் பணியாற்றியபோது பார்த்ததை எழுதினார். கடற்கரையிலிருந்து ரயிலில் இரண்டே நாளில் மேலே வருகிறவர்களுக்கு மலைநோய் மூன்று விதமாக வருகிறது: சாதாரணத் தலைவலி வாந்தி, மூச்சை அடைக்கும் வகை, மூளையைக் குழப்பும் வகை. இன்று பாடப்புத்தகங்களில் இருக்கும் மூன்று பிரிவும் அப்படியே அதில் இருக்கின்றன. வெப்பமண்டல மருத்துவ இதழ் ஒன்றில் வந்ததை மலை மருத்துவர்கள் யாரும் படிக்கவில்லை. அடுத்த வருடம் உலகப்போர். ரேவன்ஹில் போர்க்களத்தில் பார்த்ததற்குப் பிறகு மருத்துவத்தையே விட்டு ஓவியம் வரையப் போய்விட்டார். பெரு நாட்டு மருத்துவர்களுக்கோ இது பழகிய நோய். ஹுர்ட்டாடோ 1937இலேயே குறிப்பிட்டிருக்கிறார், 1950களில் இன்னும் விரிவாகவும் எழுதினார்கள். எல்லாம் ஸ்பானிஷில். ஆண்டீஸ் மலைக்கு வெளியே அதைத் தேடிப் படிக்க ஆள் இல்லை.

ஹூஸ்டனின் மூன்று பக்கம் ஆங்கிலத்தில், உலகெங்கும் மருத்துவர்கள் வாசிக்கும் இதழில் வந்தது. அதுதான் அதன் பலம். தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்றை, தெரிய வேண்டியவர்களின் மேசையில் வைத்தது. அதனால் அவர் பெருமை குறைந்துவிடுவதாக நான் எண்ணவில்லை. பெரு நாட்டவர்களின் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஏன் கசிகிறது என்ற கேள்வி பாக்கி இருந்தது. அதற்கு விடை தேடியவர் ஸ்டான்ஃபோர்டின் ஹெர்பர்ட் ஹல்ட்க்ரென். அவர் பெருவுக்கே போய், நோயாளிகளின் இதயத்துக்குள் குழாய் விட்டு அழுத்தத்தை அளந்து 1964இல் எழுதினார். நுரையீரல் தமனியில் அழுத்தம் தாறுமாறாக ஏறியிருந்தது, இதயத்தின் இடது பக்கமோ ஒழுங்காக இருந்தது. நுரையீரலில் எந்த மூலையில் ஆக்சிஜன் குறைகிறதோ அங்கே போகும் இரத்தக் குழாயைச் சுருக்கிவிடுவது நம் உடலின் வழக்கம். சமவெளியில் அது புத்திசாலித்தனம், சளி அடைத்த மூலைக்கு இரத்தத்தை வீணாக்காமல் இருக்கலாம். மலையிலோ எல்லா மூலையிலும் ஆக்சிஜன் குறைவு. எல்லாக் குழாய்களும் சுருங்கும், அதுவும் ஒரே சீராக இல்லை. சுருங்காத இடங்களுக்கு இரத்தம் முழு அழுத்தத்தோடு பாய்ந்து, அங்கே உள்ள மெல்லிய நுண்குழாய்களின் சுவர் தாங்காமல் கசிகிறது. பிற்காலத்தில் நிஃபெடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரை இதைத் தடுக்க உதவுவதும் இதனால்தான். ஆனால் முதல் மருந்து அன்றும் இன்றும் ஒன்றே: உடனே கீழே இறக்குவது. சில நூறு மீட்டர் இறங்கினாலே ஆள் மாறிவிடுவார். நிமோனியா என்று நினைத்து மேலேயே படுக்கவைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தால் இரவே போய்விடுவார்.

1962இல் ஹூஸ்டன் டெல்லிக்கு வந்தார், அமெரிக்க அமைதிப் படையின் இந்தியப் பிரிவுக்கு இயக்குநராக. இளம் தன்னார்வலர்களைக் கிராமங்களுக்கு அனுப்பும் வேலை, மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதே வருடம் அக்டோபரில் சீனாவோடு போர் மூண்டது. சமவெளியில் இருந்த இந்திய வீரர்களை விமானத்தில் ஏற்றி நேரே லடாக்கில் இறக்கினார்கள். சுஷூல் 4,300 மீட்டர். துப்பாக்கிக் குண்டு படாமலே ஆட்கள் விழுந்தார்கள். இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் இதை எடுத்து ஆராய்ந்தார்கள். 1965இல் நுரையீரல் நீர்க்கோவை பற்றி ‘லான்செட்’ இதழிலும், 1969இல் 1,925 வீரர்களின் மலைநோய் பற்றி ஹூஸ்டன் எழுதிய அதே அமெரிக்க இதழிலும் அவர்கள் கட்டுரை வந்தது. அவ்வளவு பேரை வைத்து அதற்கு முன் யாரும் இந்த நோயை ஆராயவில்லை. உலகின் எந்த மலை மருத்துவப் புத்தகத்தை எடுத்தாலும் சிங் என்ற பெயர் இருக்கும். நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இந்தியாவிலிருந்து திரும்பிய ஹூஸ்டன் 1966இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அடுத்த வருடமே கனடாவின் யூக்கான் பகுதியில் லோகன் மலையில் ஆய்வு தொடங்கியது. சுமார் 5,300 மீட்டரில், பனிமேல், கோடைக்குக் கோடை ஓர் ஆய்வுக்கூடம். சிறு விமானத்தில் நேரே கொண்டுவந்து இறக்கிய தன்னார்வலர்கள் சுருண்டு படுத்துவிடுவார்கள், மெல்ல ஏறி வந்தவர்கள்தான் அவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். 1979 வரை அது நடந்தது. அங்கே கிடைத்ததில் முக்கியமானது கண்ணில் இருந்தது. உயரத்தில் பலருக்கு விழித்திரையில் சிறு இரத்தக் கசிவுகள் வருகின்றன, அவர்களுக்கே தெரியாமல். 1970இல் இதை வெளியிட்டார்கள். விழித்திரை மூளையின் நீட்சி. அங்கே கசிந்தால் மூளையில் என்ன நடக்கும் என்ற கேள்வி தானாக வரும். 1975இல் காத்மாண்டுவில் பணியாற்றிய ஜான் டிக்கின்சனோடு சேர்ந்து, மலைநோய் மூளையைத் தாக்கும் வகை பற்றி ‘லான்செட்’டில் எழுதினார். தள்ளாட்டம், குழப்பம், பிறகு ஆழ்ந்த மயக்கம். குடிபோதையில் இருப்பது போல நடக்கிறார் என்றால் உடனே இறக்கு என்று இன்று மலை வழிகாட்டிகள் வரை தெரிந்துவைத்திருப்பதற்கு அந்தக் கட்டுரையும் ஒரு காரணம்.

1970களிலேயே ஆக்சிஜன் குறைபாடு பற்றிய ஒரு மாநாட்டையும் தொடங்கினார். மலையேறிகள், உடலியல் ஆய்வாளர்கள், மருத்துவர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில். இன்றும் அது கனடாவில் நடக்கிறது. மலைநோயின் தீவிரத்தை எண்ணால் குறிக்க உலகம் முழுக்கப் பயன்படும் ‘லேக் லூயிஸ்’ அளவுகோல் பிறந்ததும் அந்த மாநாட்டில்தான்.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1985இல், பழைய இரும்பு அறைக்கு இன்னொரு முறை போனார். மாசசூசெட்ஸின் நேட்டிக்கில் இருக்கும் இராணுவ ஆய்வகத்தில், ஜான் சட்டன், ஆலன் சைமர்மன் ஆகியோரோடு ‘ஆபரேஷன் எவரெஸ்ட் 2’. இம்முறை எட்டுப் பேர், நாற்பது நாள். 1946இல் செய்ய முடியாததை எல்லாம் செய்தார்கள்: இதயத்துக்குள் குழாய், தசைத் துணுக்கு, உச்சி அழுத்தத்தில் சைக்கிள் மிதித்தபடியே இரத்தம் எடுப்பது. ஆறு பேர் உச்சியின் அழுத்தம் வரை தாக்குப்பிடித்தார்கள். தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சமவெளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகி இருந்தது. அதிலும் இதயம் சளைக்காமல் வேலை செய்தது. அறைக்குள் கதகதப்பு, வேண்டிய சாப்பாடு, சுமை தூக்கும் வேலை இல்லை. அப்படி இருந்தும் ஒவ்வொருவரும் சராசரியாக ஏழு கிலோவுக்கு மேல் இளைத்தார்கள். மலையேறிகள் இளைப்பது குளிராலும் உழைப்பாலும் மட்டும் அல்ல, ஆக்சிஜன் குறைவே பசியையும் தசையையும் தின்றுவிடுகிறது.

கடைசி வருடங்களில் விழித்திரை தேய்வால் அவர் பார்வை மங்கிப்போனது. பார்வை போன பிறகும் கடிதங்களுக்குப் பதில் சொல்வதும் இளம் ஆய்வாளர்களோடு விவாதிப்பதும் நிற்கவில்லை. 2009 செப்டம்பர் 27 அன்று வெர்மான்டின் பர்லிங்டனில் 96 வயதில் காலமானார்.

அவர் விட்டுப்போன கேள்விகளில் ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரே நாளில், ஒரே வேகத்தில், ஒரே வழியில் ஏறும் இருவரில் ஒருவருக்கு நுரையீரல் கசிகிறது, மற்றவருக்குத் தலைவலிகூட வருவதில்லை. உடற்பயிற்சி காப்பாற்றாது, சொல்லப்போனால் நல்ல உடம்புக்காரர்கள் வேகமாக ஏறி முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் தமனி அளவுக்கு மீறிச் சுருங்கும் உடல்வாகு சிலருக்கு இருக்கிறது என்று தெரியும். ஆனால் முதல் முறை மலைக்குப் போகிறவரைச் சமவெளியிலேயே உட்காரவைத்து, உங்களுக்கு வரும், உங்களுக்கு வராது என்று பிரித்துச் சொல்லும் நம்பகமான பரிசோதனை இன்னும் இல்லை. ஏற்கெனவே ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம் என்பதுதான் இன்றும் மருத்துவர்கள் அதிகம் நம்பும் குறிப்பு. அதைத் தெரிந்துகொள்ள முதல் முறை பிழைத்திருக்க வேண்டும்.